கறுப்புப் பஞ்சு

கதவைச் சாத்திடுங்க மேடம். ஏசி வெளிய போயிரும்னு மட்டும் சொல்லலீங்க. சால்டரிங் டேபிள் இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கந்தான். இங்க தும்முனா அங்க கேக்கும்.

பாத்துங்க, அந்த ரேக் இரும்பு, சில்லுன்னு இருக்கும். தொட்டுட்டீங்களா? செரி செரி. அந்த ஸ்டூல்ல உக்காருங்க.

நான் யார்கிட்டயும் இத்தனை பேச மாட்டேனுங்க. எங்க ஊட்டுக்காரர்கூடச் சொல்லுவாரு, உன்ற வாய்க்குச் சாவி எந்தச் சந்தைல விக்குதுன்னு. சீரு விசேசத்துக்குப் போனாலும் மூலைல உக்காந்துட்டுச் சாப்பாடு போட்டதும் எந்திரிக்கற ஆளுங்க நான். ஆனா காலைல தனபால் சார் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு: “நாகஜோதி, நம்ம போர்டெல்லாம் ஏன் சாகுதுன்னு பாக்க பெங்களூர்ல இருந்து மேடம் வர்றாங்க. தமிழ் நல்லாத் தெரியும். நீ ஸ்டோரை எப்படி வெச்சிருக்கறயோ அப்படியே காட்டு. அவங்க பாத்து முடிக்கட்டும், பொழுதோட பிலோமினா விசயத்தை முடிவு பண்ணிக்கலாம்.” அப்படின்னா என்னுங்க அர்த்தம்? அந்தக்கா திரும்ப வேலைக்கு வருதா, இல்ல ஒரேயடியா ஊட்டோட இருக்குதா, இன்னிக்குத் தெரிஞ்சுரும். நான் பேசலீன்னா வேற யாராவது பேசிருவாங்க. அதான் பேசறேன்.

உங்களுக்குத் தெரியாததில்ல. நாங்க போடற போர்டுதான் உங்க கம்பெனி மோட்டாருக்கு வருது. மொய்தீன் அண்ணன் ஒவ்வொன்னா டெஸ்ட் பண்ணுவாரு. பச்சை லைட்டு எரிஞ்சாத்தான் பெட்டில போடுவாரு. எல்லாம் எரியுதுங்க. நல்லாத்தான் போகுது. போயி, ஏதோ ஒரு காட்டுல தென்னைக்குத் தண்ணி பாய்ச்சிட்டிருக்கறப்ப பொசுக்குன்னு நின்னுபோகுது. திரும்பி வருது. பாத்தா அதே சிப்பு. இங்க இருந்து நான் எடுத்துக் குடுத்த சிப்பு. அப்ப எல்லாரும் யாரைப் பாப்பாங்க? என்னையத்தானுங்களே?

நான் வாரதுக்கு முன்னாடி ஸ்டோரைப் பாத்துட்டிருந்தது பிலோமினா அக்காதான். பல வருசமா. சால்டரிங்ல இருந்த பொண்ணு கல்யாணமாகிப் போச்சுன்னு சார் அந்தக்காவை அங்க மாத்திட்டு என்னைய இங்க உக்கார வெச்சாரு. மொதல்ல நான் மில்லுல இருந்தனுங்க. நின்னுட்டே வேலை. பாப்பா ஆபரேசன்ல பொறந்தா. அதுக்கப்புறம் நிக்க முடியல, இடுப்பு விட்டுப்போகுது. இங்க உக்காந்த வேலை. பால்வாடி ரெண்டு தெரு தள்ளி. பாப்பாவைக் கூட்டிட்டு வரணும்னா சார் ஒன்னும் சொல்ல மாட்டாரு. இந்த மாதிரி எடம் எனக்கு இனிமே கெடைக்குமாங்க? கெடைக்காது. அது அந்தக்காவுக்கும் தெரியும். தெரிஞ்சவ சும்மா இருப்பாளா?

சேந்த அன்னிக்கு சார் எனக்குப் பாடம் நடத்துனாரு. “நம்ம உடம்புல மின்சாரம் சேரும்மா. நமக்கே தெரியாது. அதோட போயி சிப்பைத் தொட்டா உள்ளுக்குள்ளயே வெந்துரும். வெளிய பாத்தா புதுசாட்டத்தான் இருக்கும். அன்னிக்கே சாகாது, கொஞ்ச நாள் கழிச்சுத்தான் சாகும்”னாரு. நான் தலையாட்டுனேன். கண்ணுக்குத் தெரியாது, பட்டா ஆகாது, கொஞ்ச நாள் கழிச்சுக் காட்டும்னா, எங்கூர்ல அதுக்குப் பேரே வேறங்க. கண்ணு படறதுன்னு சொல்லுவாங்க. அப்பறம் அவரு இங்கிலீசுல என்னென்னமோ சொன்னாரு. எது எதுல வெக்கலாம், எது எது ஆகாதுன்னு. போன் வந்துருச்சு, பேசிட்டே போயிட்டாரு. மறுபடி கேக்கலாம்னுதான் நெனச்சேன். வாய் வரல. எட்டாவதோட நின்னவ கேட்டா சிரிப்பாங்கன்னு ஒரு இது. “புரிஞ்சுதா”ன்னாரு, “புரிஞ்சுதுங்”னேன்.

ஆனா சொன்னதைச் செய்யறவ நான். இதோ பாருங்க, கைப்பட்டை. ஒரு நாளாவது இதைக் கட்டாம ஸ்டூல்ல உக்காந்திருக்கேனான்னு கேளுங்க. வயரு இதோ டேபிள்ல மாட்டியிருக்குது பாருங்க. என்னுங்க? ஆமாங்க, ஸ்வெட்டர் மேலதான். வெறுங்கைல கட்டுனா அரிச்சு அரிச்சுத் தடிப்பாயிருது. ஏசி வேற நடுக்குது. இந்த ஸ்வெட்டர் எங்க நாத்தனார் குடுத்தது, கழட்டவே மனசு வராது. பட்டை பட்டைதானுங்களே, துணி மேல கட்டுனா என்ன, தோலு மேல கட்டுனா என்ன.

அதைக்கூட அந்தக்கா பாத்துட்டு, “உள்ள கட்டு அம்மணி, தோலுல படணும்”னுச்சு. எனக்கு ஊறல் எடுத்தா அந்தக்காவுக்குச் சந்தோசம். வேற என்னத்துக்குங்க சொல்லணும்?

ஆயுத பூஜைல ஆரம்பிச்சுதுங்க எல்லாம்.

பூஜைக்கு மொத நாள் எல்லாரும் அவங்கவங்க மெஷினைத் தொடச்சு வெச்சாங்க. எனக்கு மெஷினா இருக்குது? இந்த டப்பாக்கள்தான் என்ற ஆயுதம். தெறந்து பாத்தா, எல்லாச் சிப்பும் கறுப்புப் பஞ்சுல காலைக் குத்திட்டு நிக்குது. கன்னங்கரேல்னு பஞ்சு. தொட்டா வெரல்ல மை ஒட்டற மாதிரி இருக்கும். நல்ல நாளும் அதுவுமா சாமிக்கு முன்னாடி கறுப்பை வெப்பாங்களா? சிப்பு போட்டு வர்ற அந்த வெள்ளிக் கவரெல்லாம் கசங்கிச் சுருங்கி, உள்ள என்ன இருக்குதுன்னே தெரியல. உள்ள இருக்கறது தெரியலீன்னா அங்கதானுங்க திருட்டு நடக்கும். நானே யோசிச்சேன், யாரும் சொல்லல.

சாரோட புது கம்ப்யூட்டர் வந்த பெட்டில தெர்மோகோல் இருந்துச்சு. வெள்ளை வெளேர்னு. பிளேடுல டப்பா அளவுக்கு வெட்டி, ஒவ்வொரு சிப்பையும் பழைய நைலக்ஸ் சீலைத் துணியால பூப்போலத் தொடச்சு, வரிசையாக் குத்துனேன். கோலத்துக்குப் புள்ளி வெச்ச மாதிரி. வெள்ளிக் கவரையெல்லாம் எடுத்துப் போட்டுட்டு, துணிக்கடைல சட்டை போட்டுத் தருவாங்களே, அந்தப் பளபளா கவரு, அதுல மாத்துனேன். இப்ப வெளிய இருந்தே தெரியும். ஒன்னு கொறஞ்சாலும் எனக்குத் தெரியும்.

பூஜையன்னிக்கு சார் கற்பூரத் தட்டோட வந்து, கதவுகிட்டயே நின்னு பாத்துட்டு, “அட, பளிச்சுன்னு இருக்குதேம்மா”ன்னாரு. எல்லார் முன்னாடியும். என்னைய அந்த மாதிரி யாரும் சொன்னதில்லீங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பொரித்தட்டுல மூஞ்சியை மறைச்சுக்கிட்டேன்.

அந்தக்காவும் அப்ப அங்கதான் நின்னுச்சு. சர்ச்சுக்குப் போற பொம்பளை, பொரி மட்டும் ரெண்டு கையில வாங்குச்சு. வாங்குனது வாய்க்குப் போகல. இந்த டப்பாவையே பாத்துட்டு நின்னுச்சு. மூஞ்சி செத்துப்போச்சு. நான் பாத்தேன்.

எல்லாரும் போனதுக்கப்புறம் வந்து, “அம்மணி, கறுப்புப் பஞ்சு எங்க?”ன்னுச்சு.

“குப்பைக்குப் போயிருச்சுங்க்கா.”

“அடி ஆத்தி! தெர்மோகோல் ஆகாது சாமி. அது கரண்ட்டைச் சேத்து வெக்கும். கவரும் அப்படித்தான்.”

நீங்களே சொல்லுங்க மேடம். தெர்மோகோல்ல வயரா போகுது? கல்யாண மண்டபத்துல பொண்ணு மாப்பிள்ளை பேரை வெட்டி ஒட்டறதே தெர்மோகோல்லதான். ஒரு மாப்பிள்ளைக்காவது சாக் அடிச்சிருக்குங்களா? அடிக்க வேண்டியது அதுக்கப்புறந்தான். நீங்க சிரிக்கறீங்க. அன்னிக்கு நானும் மனசுக்குள்ள சிரிச்சேன். சார் பாராட்டுனது அந்தக்காவுக்குப் பொறுக்கல. அவ்வளவுதான். அவ இருந்தப்ப கருகருன்னு கெடந்த எடம், நான் வந்ததும் வெள்ளையாயிருச்சு. எப்படிப் பொறுக்கும்?

அன்னில இருந்து அந்தக்கா ஏதாவது சாக்கு வெச்சுட்டு இங்க வர ஆரம்பிச்சுது. “அம்மணி, ஈயம் தீந்துபோச்சு.” “அம்மணி, டேப் இருக்குதா?” வந்ததும் மொத வேலையா அந்த இரும்பு ரேக்கைத் தொடும். உள்ளங்கையை அப்படியே வெச்சு, ஒரு நிமிசம் நின்னு, அப்பறந்தான் பேசும். கோயில் படியைத் தொட்டுக் கும்பிடற மாதிரி. தெனமும். கேட்டா, “மேல இருக்கறது எறங்கட்டும் அம்மணி”ங்கும். எதுக்குங்க ஒருத்தி இரும்பைத் தொடணும்? எங்க சின்னம்மா ஒருத்தி மந்திரிக்கறவங்க, அவங்களும் இரும்பு இல்லாம எதையும் ஆரம்பிக்க மாட்டாங்க. நான் ஒன்னும் சொல்லல. பாத்துட்டே இருந்தேன்.

அப்பறம் போர்டு திரும்பி வர ஆரம்பிச்சுது.

மொதல்ல ஒன்னு ரெண்டு. தீபாவளி கழிஞ்சு மழை நின்னு, பனி எறங்கி, காத்தெல்லாம் வறவறன்னு ஆச்சு பாருங்க, அப்ப மூட்டையாத் திரும்பி வந்துச்சு. சார் மூஞ்சியைப் பாக்க முடியல. இந்த மாதிரியே போனா உங்க கம்பெனி ஆர்டரே போயிரும்னு மொய்தீன் அண்ணன் சொன்னாரு. ஆர்டர் போச்சுன்னா அப்பறம் ஸ்டோரு எதுக்கு, நான் எதுக்கு?

அந்த வெசனத்துல இருக்கறப்பத்தான் ஒரு நாள் பாக்கறேன், அந்தக்கா பின்னாடி மாசக்கணக்கா அள்ளாமக் கெடக்கற குப்பைத் தொட்டில கையை விட்டுப் பொறுக்கிட்டு இருக்குது. என்னத்தைன்னு நெனக்கறீங்க? நான் போட்ட வெள்ளிக் கவரு. ஒரு மூட்டைல கட்டி வெச்சிருந்த கறுப்புப் பஞ்சு. தட்டித் தட்டி, கம்பெனி கோட்டுக்குள்ள சொருகுது. குப்பைல கையை விடறவ நல்ல நெனப்புலயா விடுவா?

இன்னொன்னு சொல்றேன், இதைச் சார்கிட்டயும் சொல்லிட்டேன். ஒரு நாள் அந்தக்கா டப்பாவை எடுக்கப் போச்சு, நான் தடுக்கலாம்னு கையைப் பிடிச்சேன். சுருக்குன்னு அடிச்சுதுங்க! ஊசி குத்துன மாதிரி. அந்தக்காவும் “ஸ்ஸ்”ன்னு கையை உதறுச்சு, நடிப்பு. அவ உடம்புலதான் ஏதோ இருக்குது. சார் சொன்னாரே, உடம்புல மின்சாரம் சேரும்னு. அவளுக்குச் சேந்திருக்குது. என்னுங்க? மத்தவங்களைத் தொட்டா அடிக்கறதில்லையான்னா... அடிக்குந்தான். கதவு கைப்பிடிகூட அடிக்கும். பாப்பாவைத் தூக்கி முத்தம் குடுத்தா கன்னத்துல சுருக்குங்கும், அவ “அம்மா கடிக்கறா”ன்னு அழுவா. நான் ஸ்வெட்டரைக் கழட்டுனா படபடன்னு பொறி தெறிக்கும். அது பனிக்காலத்துல எல்லாருக்கும் உள்ளதுதானுங்க. அது வேற, இது வேற.

அப்பறம் ஒரு நாள் பால்வாடி வாசல்ல என்னைய நிறுத்துச்சு. பாப்பாவுக்கு ஒரு தேன்மிட்டாய் குடுத்துச்சு. நான் அதை அப்பறம் பிடுங்கிச் சாக்கடைல போட்டுட்டேன், பாப்பா அழுதுச்சு. “பாப்பாவுக்கு என்ன வயசு அம்மணி?”ன்னு கேட்டுது. சொன்னேன். பாப்பா தலையைத் தடவிட்டே மெதுவாச் சொல்லுச்சு: “சின்னப் புள்ளைக்காரி நீ. இந்த வேலை போச்சுன்னா கஷ்டம். நீ யார்கிட்டயும் ஒன்னும் சொல்லாத. நான் பாத்துக்கறேன்.”

நான் பாத்துக்கறேன்! கேட்டீங்களா? மில்லுல மேஸ்திரி மிரட்டுவான், அவன்கூட இத்தனை இனிப்பாச் சொன்னதில்ல. அன்னிக்கு ராத்திரி எங்க ஊட்டுக்காரர்கிட்டச் சொன்னா, “அவங்க நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பாங்க புள்ள”ங்கறாரு. ஆம்பளைகளுக்குப் பொம்பளைகளைப் பத்தி என்னுங்க தெரியும்?

பொங்கல் லீவு முடிஞ்சு வந்த வாரம். சாப்பாட்டு மணி அடிச்சு எல்லாரும் வெளிய மரத்தடிக்குப் போனோம். எனக்கு என்னமோ மனசு அடிச்சுக்குச்சு. தூக்குப்போசியை அப்படியே வெச்சுட்டுத் திரும்பி வந்தேன். கதவு ஒருக்களிச்சிருக்குது. எட்டிப் பாத்தா, அந்தக்கா. செருப்பைக் கழட்டிட்டு, பட்டையை வெறுங்கைல கட்டிட்டு, என்ற டப்பாவைத் தெறந்து வெச்சுட்டு, நான் குத்தி வெச்ச சிப்பை ஒவ்வொன்னாப் பிடுங்கிக் கறுப்புப் பஞ்சுல குத்திட்டு இருக்குது. என்ற கோலத்தையெல்லாம் கலைச்சுட்டா. பக்கத்துல சாப்பாட்டு டப்பா மூடி தெறக்காம அப்படியே இருக்குது. சோறு திங்காம ஒருத்தி இதைப் பண்றான்னா எத்தனை வஞ்சம் இருக்கணும்!

நான் கத்துனேன் மேடம். என்ற வாழ்க்கைல அப்படிக் கத்துனதில்ல. “திருடி, திருடி”ன்னு. எல்லாரும் ஓடி வந்துட்டாங்க, சாரும் வந்துட்டாரு. “என்ன பிலோமினா இது?”ன்னாரு.

அந்தக்கா என்னையப் பாத்துது. அப்பறம் சாரைப் பாத்து, “சும்மா அடுக்கி வெச்சுட்டிருந்தேன் சார்”னுச்சு. அவ்வளவுதான். சார் திருப்பித் திருப்பிக் கேட்டாரு. “எடுத்து விக்கறியா? நாகஜோதி மேல ஏதாவது சொல்லணுமா? சொல்லு.” அந்தக்கா கோட்டு நுனியைத் திருகிட்டே, “அவ மேல ஒன்னுமில்ல சார்”னு மட்டும் சொல்லுச்சு. தப்பு பண்ணாதவ அப்படி வாயை மூடிட்டு நிப்பாளாங்க? நானா இருந்தா நிப்பனா? “மேடம் வர்ற வரைக்கும் நீ ஊட்டுல இரு”ன்னுட்டாரு சார். போறப்ப அந்தக்கா அந்த வெள்ளிக் கவரையெல்லாம் மடிச்சு ரேக்கு மேல வெச்சுட்டுப் போச்சு. நான் மறுபடி குப்பைல போட்டுட்டேன்.

சொல்லுங்க, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

என்னுங்க? அந்தக்கா போனதுக்கப்புறம் போர்டு சாகறது கொறஞ்சுதான்னா... கொறையலீங்க. கூடித்தான் போச்சு. அதைத்தான் நானும் சொல்றேன். போறப்ப ஏதோ பண்ணி வெச்சுட்டுப் போயிருக்கறா. இல்லீன்னா எப்படிங்க? இதையும் கேளுங்க, மொய்தீன் அண்ணனே சொன்னது: அவ கறுப்புப் பஞ்சுல குத்தி வெச்சாளே, அவரு தனியா எடுத்து வெச்ச அந்தச் சிப்பு போட்ட போர்டுல ஒன்னுகூடத் திரும்பி வரலியாம். ஒன்னுகூட! நான் வெள்ளைல வெச்சதுதான் சாகுதாம். எத்தனை கெட்டிக்காரி பாருங்க. அவ தொட்டது வாழணும், நான் தொட்டது சாகணும். யாரோட பேரு கெடும்? மொய்தீன் அண்ணன் அதைச் சொல்லிட்டு என்னைய ஒரு மாதிரிப் பாத்தாரு. அவரும் அவ பக்கமோன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்குது. அதை நீங்க சார்கிட்டச் சொல்ல வேண்டாம்.

எனக்கு அந்தக்கா மேல பகை ஒன்னுமில்லீங்க. அவளுக்கும் ஊட்டுல சீக்கு வந்த மனுசன் இருக்காருன்னு சொல்றாங்க. பாவந்தான். ஆனா எனக்கு இந்த ஸ்டூலை விட்டா வேற நாதி இல்ல. நீங்க படிச்சவங்க. சார்கிட்ட ஒரு வார்த்தை, “நாகஜோதி வெச்ச மொறைல தப்பில்ல”ன்னு சொன்னாப் போதும். நான் தெனமும் உங்க பேரைச் சொல்லி வெளக்குப் போடுவேன்.

ஏனுங்க மேடம், மொகம் ஏன் இப்படி ஆயிருச்சு?

அதென்னங்க பைல இருந்து எடுக்கறீங்க? அட... கறுப்புப் பஞ்சு. உங்ககிட்ட எப்படி வந்துச்சு? உங்க கைப்பட்டையா? சொந்தமா வெச்சிருக்கறீங்களா? வெறுங்கைல கட்டறீங்க. அந்தக்காவும்...

இருங்க. இப்ப மறுபடி ரேக்கைத் தொட்டீங்க. வந்ததும் தொட்டீங்க, நான் தெரியாமப் பட்டுதுன்னு நெனச்சேன். உள்ளங்கையை வெச்சு நின்னீங்க. அதே மாதிரி. அச்சு அசலா அதே மாதிரி.

ஐயோ மேடம், அதைப் பிடுங்காதீங்க! ராப்பகலா ரோசனை பண்ணிக் குத்துன வரிசைங்க அது. விடுங்க, குடுங்க இங்க... ஸ்ஸ்! பாத்தீங்களா! அடிச்சுது! உங்க உடம்புலயும் இருக்குது!

என்ன கேட்டீங்க?

பாப்பாவுக்கு என்ன வயசா? அது எதுக்குங்க உங்களுக்கு? சொல்லுங்க, எதுக்கு? ... “நீங்க யார்கிட்டயும் ஒன்னும் சொல்ல வேண்டாம், நான் பாத்துக்கறேன்”னா? நீங்களுமா? ஒரு எழுத்து மாறலியே! அவ சொன்னதையே சொல்றீங்களே! எத்தனை நாளாப் பழக்கம் உங்களுக்கும் அவளுக்கும்?

வேண்டாம், கையைப் பிடிக்காதீங்க. மெதுவாப் பேசுன்னு சொல்லாதீங்க. தள்ளுங்க, நான் கதவைத் தெறக்கணும்.

சார்! தனபால் சார்! கொஞ்சம் இங்க வாங்க சார்! மொய்தீன் அண்ணா, சாரைக் கூப்பிடுங்க! எல்லாரும் வாங்க! வந்து பாருங்க, நான் எதை எதை எப்படி எப்படி வெச்சிருந்தேன்னு. ஒன்னு விடாம எல்லாத்தையும் நானே காட்டறேன் சார், நானே காட்டறேன்!